குடியிருப்பு பாங்காக்கில், உத்தியோகம் நியூயார்க்கில்

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் போவது மனித வர்க்கத்துக்குப் புதிதன்று. ஆனால் இதுகாறும் நடந்த அந்தப் பிரயாணங்களில் ஒரு நியதி இருந்தது: வேலை எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊருக்குத்தான் மனிதன் போனான், அந்த ஊர் எஜமானனிடம் கூலி வாங்கி, அந்த ஊர்க் கடைத்தெருவில் செலவழித்து, அந்த ஊர்ப் பாஷையை அரைகுறையாகவேனும் பேசக் கற்று, தானே விரும்பாவிட்டாலும் நாளடைவில் அந்த ஊருக்குச் சம்பந்தப்பட்டவன் ஆனான். சம்பளம் ஒரு கண்டத்திலிருந்து வர, சாப்பாடும் உறக்கமும் மற்றொரு கண்டத்தில் நடக்க, உத்தியோகத்துக்கும் வாசஸ்தலத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாமலே ஒருவன் வாழக்கூடும் என்கிற நிலைமை சமீப காலத்தில்தான், அதிலும் விசேஷமாக 2020-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பிறகுதான், ஏராளமானோருக்குக் கைகூடியிருக்கிறது. இந்தப் புதிய வாழ்க்கை முறையின் சௌகரியத்தையும் அதனுள் மறைந்திருக்கும் சங்கடத்தையும் ஒருங்கே பார்க்க வேண்டுமானால், ஆசியாவின் மகாநகரங்களில் பாங்காக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்நகரம் ஆதியிலிருந்தே வெளியூராரைக் கொண்டு வளர்ந்தது. 1782-இல் முதலாம் ராமா மன்னர் சாவோ ப்ரயா நதியின் கிழக்குக் கரையில் புதிய ராஜதானியை ஸ்தாபித்தபோது, அரண்மனைக்கென்று எடுத்துக்கொள்ளப்பட்ட நிலத்தில் அதுவரை குடியிருந்த சீன வணிகர்கள் சற்றுத் தள்ளிப் போய்ச் சாம்பெங்கில் கடை விரித்தார்கள். இன்றைய யாவரத் என்னும் சீனத் தெரு அங்கிருந்து கிளைத்ததுதான். பாஹுரத்தில் சீக்கியர்கள் துணி வியாபாரம் தொடங்கினார்கள். நம்மவர்களும் போனார்கள். சிலோம் வீதியும் பான் வீதியும் கூடும் முனையில் நிற்கும் மாரியம்மன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நவராத்திரி முடிந்து அம்மன் வீதியுலா வரும் இரவில் சிலோம் வீதியில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். வீதியின் இருமருங்கிலும் சாமந்தி மாலையும் தேங்காயும் பழமும் வைத்துப் பீடம் அமைத்துக்கொண்டு காத்திருக்கும் பல்லாயிரம் பேரில் தமிழர் சிலரே. மற்றவர்கள் தாய்லாந்து ஜனங்களும் சீன வம்சாவளியினரும் ஆவர். அவ்வளவு தூரம் ஒரு தமிழ்த் தெய்வம் அவ்வூர்த் தெய்வமாகிவிட்டது. அதே வட்டாரத்தில், மஹேசக் வீதியைச் சுற்றி, காயல்பட்டினத்திலிருந்து போன ரத்தின வியாபாரிகள் மாணிக்கமும் நீலமும் வாங்கி விற்று வந்திருக்கிறார்கள். இவர்களில் எவரும் ஊரோடு ஒன்ற வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டு போனவர்களல்லர். கல்லைத் தேய்க்கிறவனும் கல்லை விற்கிறவனும் கடனுக்குக் கொடுக்கிறவனும் அதே தெருவில் இருந்தமையால் ஒன்றாமல் இருக்க அவர்களால் முடியவில்லை.

இன்று சுகும்வித் பெருவீதியின் கிளைச் சந்துகளில், சோய் என்று வழங்கும் அந்தத் தெருக்களில், வந்து தங்குகிறவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அவர்களை வரவேற்கும் சௌகரியங்கள் பல வருஷங்களாகத் தாமாகவே சேர்ந்து வந்திருக்கின்றன. 1997 ஜூலை 2-ஆம் தேதி பாட் நாணயத்தின் நிலையான மதிப்பைக் காக்க முடியாமல் சர்க்கார் அதை அவிழ்த்துவிட்டபோது, நகரமெங்கும் பாதி கட்டிய மாளிகைகள் எலும்புக்கூடுகளாக நின்றன. அந்த வீழ்ச்சியிலிருந்து நகரம் எழுந்து வரும் தறுவாயில், 1999 டிசம்பர் 5-ஆம் தேதி, தூண்களின் மேல் ஓடும் ரயில் தொடங்கப்பட்டது. 2004-இல் பூமிக்கடியில் ஓடும் ரயிலும் வந்து சேர்ந்தது. அதன்பின் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை அந்த ரயில் பாதைகளை ஒட்டியே எழுந்தன. ஒரு கட்டடத்தின் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம் வரை அந்நியர் தம் பேரிலேயே வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அறைக்குள் மின்னல் வேக இணையம். மாடியில் நீச்சல் குளம். வாசலை விட்டு இறங்கினால் எந்நேரமும் திறந்திருக்கும் செவன் இலெவன் கடை. நாட்டில் அத்தகைய கடைகள் பதினாலாயிரத்துக்கும் மேல். இவ்வளவும் லண்டனிலோ நியூயார்க்கிலோ கொடுக்க வேண்டியதில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கும்போது, வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒருவர் அங்கே போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ராஜாங்கமும் கதவைத் திறந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. 2019-இல் ஏறக்குறைய 4 கோடி யாத்திரிகர்கள் வந்துபோன தேசத்துக்கு 2021-இல் வந்தவர்கள் 5 லட்சத்துக்கும் குறைவு. ஹோட்டல்கள் மூடின, மசாஜ் நிலையங்களும் படகுக்காரர்களும் வருமானமின்றித் தவித்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பத்து நாளில் திரும்பிவிடுகிறவர்களை நம்பி ஒரு தேசம் ஜீவிப்பது எவ்வளவு ஆபத்து என்பது பிரத்தியட்சமாயிற்று. ஆகவே நெடுநாள் தங்குகிறவர்களை அழைக்கத் தீர்மானித்தார்கள். 2022 செப்டம்பரில் வந்த பத்து ஆண்டு விசா, வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானத்தை நிபந்தனையாக வைத்தது. அது பெரிய மனிதர்களுக்கு. நடுத்தர வருமானக்காரர்களுக்காக 2024 ஜூலையில் மற்றொன்று வந்தது: ஐந்து ஆண்டுகள் செல்லத்தக்கது, ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம், கட்டணம் 10,000 பாட், கையிருப்பாக 5,00,000 பாட் காட்ட வேண்டும், உள்நாட்டு முதலாளி எவரிடமும் வேலை பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஊரிலே இருக்கலாம், ஊராருக்கு உழைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். உள்ளூர்த் தொழிலாளியின் பிழைப்பைக் காப்பதற்காக விதிக்கப்பட்டது அது. அந்த வகையில் நியாயமானதே. ஆயினும், மனிதனை ஊரோடு பிணைத்து வந்த புராதனமான கயிற்றை அது சட்டபூர்வமாகவே அறுத்துவிடுகிறது; அறுத்த இடத்தில் வேறு எதைக் கட்டுவது என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. என் கட்டுரையின் கவலை முழுவதும் இதுதான்.

இப்படி வருகிறவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மென்பொருள் எழுதுகிறவர்கள், சித்திரம் தீட்டுகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குத் திரை வழியாகப் பாடம் போதிக்கிறவர்கள் என்று நேர்மையாக உழைத்துச் சாப்பிடுகிறவர்களே அவர்களில் அதிகம். சொந்த ஊரில் வாடகைக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு மூச்சுத் திணறியவர்கள் உண்டு. விவாகம் முறிந்து, பழகிய தெருக்களைப் பார்க்கவே மனம் கூசி வந்தவர்கள் உண்டு. பெற்றோர் பிள்ளைகள் என்று எவருமில்லாமல் எந்த ஊரானாலும் ஒன்றே என்று வந்தவர்களும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர்களுக்கும் பாங்காக் பழகிய பெயராகிவிட்டது. நம் ஊர்க் கடிகாரத்துக்கு அவ்வூர்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரமே முந்தியது; இங்கே அலுவலகம் ஒன்பதரைக்குத் தொடங்கினால் அங்கே பதினொன்றுக்கு மேஜை முன் அமர்ந்தால் போதும். ஒரே கட்டடத்தில் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் அமர்ந்து உத்தியோகம் பார்த்துக் கழித்த நம் தகப்பன்மாரின் தலைமுறைக்கு இந்தச் சுதந்திரத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் அவர்கள் வாழ்க்கை எவ்வளவோ மலர்ந்திருக்கும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

ஆனால் அமெரிக்கக் கடிகாரத்துக்கு உழைப்பவர்களின் நிலை வேறு. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் பாங்காக்கில் கோடையில் இரவு எட்டு, குளிர்காலத்தில் இரவு ஒன்பது. அந்த நேரத்தில் ஓன் நுட் ரயில் நிலையத்தின் அருகே ஏதாவதொரு சோயின் முகப்பில் நின்று பார்த்தால் இரண்டு உலகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பது தெரியும். முனையில் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள், சவாரி வரும் வரையில், சோடா மூடிகளைக் காய்களாக வைத்துப் பலகையில் ஆடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் தள்ளுவண்டிக்காரி, உயரமான மண் உரலில் பூண்டையும் மிளகாயையும் முதலில் இட்டு இடித்து, பனை வெல்லமும் எலுமிச்சைச் சாறும் மீன் சாறும் விட்டு, காராமணிக் காயும் தக்காளியும் உலர்ந்த இறாலும் சேர்த்து, கடைசியில் சீவிய பச்சைப் பப்பாளியைப் போட்டு மரக் கரண்டியால் ஒரு பக்கம் புரட்டிக்கொண்டே மறு கையால் உலக்கையைப் போடுவாள். மிளகாய் எத்தனை என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். வாடிக்கைக்காரர்களைக் கேட்கமாட்டாள், அவர்கள் கணக்கு அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் நிற்கும் அடுக்குமாடியின் முற்றத்தில், தூணின் மேல் அமைந்த சிறு தேவதை வீட்டுக்கு முன்னால், உறிஞ்சு குழல் செருகிய சிவப்புப் பானப் புட்டிகள் நைவேத்தியமாக வரிசையாக இருக்கும். இருபதாவது மாடியில் ஒரு ஜன்னலில் அப்போதுதான் மேஜை விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்குக்கு உடையவர் காலை நான்கு ஐந்து மணிக்கு அதை அணைக்கும்போது, கீழே பிக்ஷுக்கள் பாத்திரம் ஏந்தி வரும் வேளை நெருங்கியிருக்கும். அவர் உறங்கி எழும்போது பிற்பகல் ஆகிவிடும். சோய் விழித்திருக்கையில் அவர் உறங்குகிறார். சோய் உறங்குகையில் அவர் உழைக்கிறார். இரவுக் கடையில் பில் போடும் பெண்ணையும் வாயிற்காவலனையும் தவிர அவர் முகம் அறிந்தவர் அந்தத் தெருவில் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒப்பந்தம் முடிந்தோ, அலுப்புத் தட்டியோ, வியட்நாமின் டா நாங் நகரம் மலிவு என்று கேள்விப்பட்டோ அவர் வெளியேறினால், அவர் இருந்ததற்கு அடையாளமாக எதுவும் மிஞ்சுவதில்லை. அவர் வாழ்ந்தது வீட்டிலன்று, வசதியான ஒரு சத்திரத்தில். சத்திரத்தில் தங்குவது பாபமன்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் சத்திரத்தில் தங்குகிறவன் மனத்தில் ஏதோ ஒன்று வற்றிப் போகிறது. அதை அவர்களே உணருகிறார்கள். நான் பேசிப் பார்த்த அளவில், பொழுது போகவில்லை என்று வருந்தியவர் எவருமில்லை. நோய்ப்பட்டால் கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லையே என்றுதான் வருந்தினார்கள். இதற்குப் பரிகாரம் அவர்கள் கையில் ஓரளவேனும் இருக்கிறது. அது பாஷையைக் கற்பது. பல ஆண்டுகள் தங்கியும் சாப்பாட்டின் பெயர்களுக்கு அப்பால் தாய் மொழியில் நான்கு வாக்கியம் பேச அறியாதவர்கள் அநேகர். நாற்பத்து நான்கு மெய்யெழுத்துகளும் ஐந்து தொனிகளும் கடினம் என்பது மெய். ஆனால் தமிழ் படித்த ஒருவர் அந்தச் சாக்கைச் சொல்வது பொருந்தாது. அந்த எழுத்து, கெமெர் எழுத்தின் வழியாக, காஞ்சிப் பல்லவர் காலத்து லிபியிலிருந்து இறங்கி வந்தது.

ஊரில் இருந்தும் ஊருக்கு உரியவரல்லாதிருக்கும் இந்த நிலை பாங்காக்குக்குப் புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மோட்டார் சைக்கிள்காரரையும் அந்த உரல்காரியையும் எந்த ஊர் என்று கேட்டால், பெரும்பாலும் வடகிழக்கே ஈசான் பிரதேசத்து மாவட்டம் ஏதாவதொன்றின் பெயரையே சொல்வார்கள்: உதோன், கோன் கேன், ரோய் எட். பாங்காக்கில் இருபது வருஷம் வண்டி ஓட்டியும் அவர்களுடைய குடும்பப் பதிவு, தபியன் பான் என்கிற அந்த வீட்டுப் புத்தகம், கிராமத்திலேயே இருக்கும். பதிவேட்டின்படி நகரின் ஜனத்தொகை 55 லட்சத்துக்குள். சுற்றுப்புறங்களையும் சேர்த்து மெய்யாக வசிப்பவர்களோ ஒரு கோடிக்கு மேல். பதிவு எங்கேயோ அங்கேதான் வாக்கு. ஆகையால் 2022 மே மாதம், ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, நகரத்தின் ஆளுநர் தேர்தல் நடந்து சட்சார்ட் சித்திபுன் பதின்மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று வந்தபோது, நகரத்தைத் தினமும் சுமந்து செல்கிற கைகளில் பலவற்றுக்கு அந்தத் தேர்தலில் பங்கில்லை. ஏப்ரல் மாதத்து சொங்க்ரான் புத்தாண்டுக்கு முன் மோ சிட் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், இந்த மகாநகரம் எவ்வளவு பெரிய அளவில் மனிதர்களை இரவல் வாங்கி நடத்தப்படுகிறது என்பது விளங்கும். சோயின் இருபதாவது மாடிக்காரரும் சோய் முனையின் உரல்காரியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே ஜாதி. இருவருக்கும் இது சொந்த ஊரன்று. ஆனால் அவள் போனால் ஊருக்குச் சோறில்லை.

பணத்தின் கணக்கைப் பார்த்தால் இருவருக்கும் இடையே உள்ள தூரம் தெரியும். 2025 ஜூலை முதல் பாங்காக்கில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 400 பாட். விசாவுக்குக் கையிருப்பாகக் காட்டும் 5 லட்சம் பாட் என்பது 1,250 நாள் கூலி. ரயில் நிலையத்தை அடுத்த ஓர் அறைக்கு மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் பாட் வாடகை என்றால், அது ஞாயிறுதோறும் ஓய்ந்து மற்ற நாளெல்லாம் உழைத்தவனின் மாதக் கூலியை விட அதிகம். குளிர்சாதனமில்லாத சிவப்புப் பேருந்தில் 8 பாட்டுக்குப் போகிறவனுக்கு, தலைக்கு மேல் ஓடும் ரயிலில் நெடுந்தூரம் போய்வர ஆகும் செலவு அன்றாடக் கூலியில் கால் பங்கைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் தொலைவிலிருந்து உழைக்கும் அந்நியர்களே காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். பாங்காக்கில் விற்பனையாகாத அடுக்குமாடி வீடுகள் ஏராளமாக இருப்பதால், லிஸ்பனிலும் பார்சிலோனாவிலும் வாடகை ஏற்றத்தால் எழுந்த கூக்குரல் இங்கே அவ்வளவாக எழவில்லை. இங்கே மாறுதல் நடைபாதையில் தெரிகிறது. பத்தாண்டுகளுக்கு மேலாக நகராட்சி ஒழுங்கு என்ற பெயரில் நடைபாதைக் கடைகளைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள் இடிபட்ட இடத்தில், கண்ணாடிச் சுவருக்குள் மடிக்கணினிகள் வரிசையாக ஒளிரும் காப்பிக் கடைகள் வந்திருக்கின்றன. அங்கே ஒரு குவளைக் காப்பி 100 பாட்டுக்கு மேலும் விற்கும். அரை நாள் மேஜையை வைத்துக்கொள்ள அது சொற்பம். சோயில் வேலை செய்பவருக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு.

இவர்களைத் தவிர வேறொரு வகை அந்நியர்களும் அந்நகரில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் முதல் வகையினரைப் பற்றிப் பேசுவது அதர்மம் என்று எனக்குத் தோன்றுகிறது. பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வந்து கட்டட வேலையிலும் மீன் தொழிலிலும் வீட்டு வேலையிலும் உழைப்பவர்கள் அவர்கள். மாலையில் திறந்த லாரியின் பின்புறத்தில் நின்றபடி தகரக் கொட்டகை முகாம்களுக்குத் திரும்பும் அவர்களை, பெருவீதி எதிலும் காணலாம். ஆண்களும் பெண்களும், வெயிலுக்குத் துணியால் முகத்தை மூடியவர்கள், பர்மியப் பெண்களின் கன்னங்களில் தனாகா மரப் பட்டையை அரைத்துப் பூசிய மஞ்சள் பூச்சு. 2021-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகும், 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கிய பிறகும், உயிர் பிழைத்தால் போதும் என்று எல்லை தாண்டியவர்கள் அவர்களில் பலர். இவர்களுக்கு ஐந்து ஆண்டு விசா இல்லை. வேலை அநுமதி ஓர் எஜமானனோடு பிணைக்கப்பட்டது. அவனை விட்டு மற்றொருவனிடம் போவதற்குள் ஆயிரம் சிக்கல். குறிப்பிட்ட பல தொழில்கள் உள்நாட்டாருக்கே உரியவை என்று 1979 முதல் ஒரு பட்டியல் இருக்கிறது. முடி வெட்டவோ வண்டி ஓட்டவோ இவர்களுக்கு உரிமை கிடையாது. ஊருக்காக உழைக்காத அந்நியனுக்குக் கதவு அகலத் திறக்கிறது. ஊரையே கட்டியெழுப்புகிற அந்நியனுக்கு அது இடுக்குவிட்டு மூடுகிறது. பணக்காரனை வரவேற்பது எந்த ராஜாங்கத்துக்கும் சகஜம்தான். சகஜமாக இருப்பதனாலேயே அது நியாயமாகிவிடாது.

ஆபத்துக் காலங்களில் இந்தப் பேதம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குளிர்கால மாதங்களில், காற்று அசைவற்று நிற்கும்போது, வாகனப் புகையோடு வயல்களில் தாளையும் கரும்புத் தோகையையும் எரிக்கும் புகையும் சேர்ந்து நகரத்தின் மேல் கவிந்துகொள்கிறது. 2025 ஜனவரியில் பாங்காக்கில் 350-க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட நேர்ந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று நகராட்சி ஜனங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த வேண்டுகோள் எவரால் நிறைவேற்றக்கூடியது? புகை மண்டியதும் தென்கோடித் தீவுக்கோ வேறொரு தேசத்துக்கோ கிளம்பிவிடக்கூடியவர் ஒருவர். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அதே சோய் முனையில் நாள் முழுதும் நிற்க வேண்டியவர் இன்னொருவர்.

அதே ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி பிற்பகல், ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பர்மாவில் உண்டான பூகம்பம் பாங்காக்கின் களிமண் பூமியை உலுக்கியது. உயர்ந்த கட்டடங்கள் கண்ணெதிரே ஆடின. மாடியில் இருந்த நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. சத்துசக் பகுதியில், தேசத்தின் தணிக்கைத் துறைக்காகக் கட்டப்பட்டுவந்த முப்பது மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்து, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்களைப் புதைத்தது. தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஈசான் ஜனங்களும் பர்மியரும் அவர்களில் இருந்தனர். அன்று மாலை ரயில்கள் நின்றுவிட்டன. லட்சக்கணக்கானோர் நடந்தே வீடு திரும்பினர். மாடி வீட்டுக்குத் திரும்ப அஞ்சியவர்களுக்காக லும்பினி முதலான பூங்காக்களை நகராட்சி இரவு முழுவதும் திறந்து வைத்தது. ஊராரும் அந்நியரும் ஒரே புல்தரையில் ஒரே ஆகாயத்தின் கீழ் இரவைக் கழித்த அந்தச் சமயத்தில், கட்டடத்தில் விரிசல் கண்டிருக்கிறதா, எஞ்சினியர் எப்போது வருவார், யாரைக் கேட்பது என்று அயலாரிடம் விசாரிக்கத் தெரிந்தவர்களுக்கும், திரையில் வரும் இங்கிலீஷ் செய்தியை எதிர்பார்த்திருந்தவர்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்! பயம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்குப் பக்கத்தில் பேச ஆள் இருந்தது.

இனி, செய்ய வேண்டியது என்ன? முதலாவது வரி. தாய்லாந்துச் சட்டப்படி ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர் வரி விஷயத்தில் உள்நாட்டுவாசி ஆகிறார். 2024 ஜனவரி 1 முதல், அவர் வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கு, அது எந்த ஆண்டில் கொண்டுவரப்பட்டாலும், வரி உண்டு. இது முறையான சட்டம். தெருவிளக்கும் மழைநீர்க் கால்வாயும் யாருடைய பணத்தில் நடக்கின்றனவோ அவர்களோடு தாமும் பங்கு ஏற்பது குடியிருப்பவரின் கடமை. 179-ஆவது நாளை எண்ணிக்கொண்டிருந்து எல்லை தாண்டிவிடுவது கெட்டிக்காரத்தனமாகலாம், மரியாதையாகாது. ஆனால் அந்தப் பத்தாண்டு விசாக்காரர்களில் பெரும்பாலோருக்கு, ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பாதிக்கும் அந்தத் தொலைவுழைப்பாளர்கள் உட்பட, அயல்நாட்டு வருமானத்தின் மேல் வரியே வேண்டாம் என்று அரச ஆணை பிறப்பித்துவிட்டார்கள். அதிகம் கொடுக்கக்கூடியவரை விட்டுவிட்டு நடுத்தரக்காரரைப் பிடிக்கிற இந்த ஏற்பாட்டை எந்தத் தர்ம சாஸ்திரமும் ஒப்பாது. அதை ரத்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, பதிவு. அந்நியர் ஒருவர் வந்து தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை அந்நியரும் தம் விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் போலீஸ் கண்ணோட்டத்தில் எழுந்த விதிகள். யார் எங்கே இருக்கிறார் என்று சர்க்காருக்குத் தெரிகிறது. அடுத்த வீட்டாருக்குத் தெரிவதில்லை. நகரத்தில் 50 வட்டங்கள் உண்டு, வட்டத்துக்கு ஓர் அலுவலகம் உண்டு. அதே பதிவை வட்ட அலுவலகத்தில் செய்யச் சொல்லி, அங்கேயே மாலை வேளைகளில் பாஷை வகுப்பு நடத்தி, விசாக் கட்டணமான 10,000 பாட்டில் ஒரு பகுதியை அந்த வட்டத்தின் நடைபாதைக்கும் கால்வாய்க்கும் ஒதுக்கினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உடைந்த நடைபாதையையும் எரியாத விளக்கையும் படம் எடுத்து அனுப்பினால் நகராட்சி கவனிக்கும்படியான டிராஃபி ஃபாண்டு என்னும் ஏற்பாடு 2022 முதல் நகரமெங்கும் நன்றாக நடக்கிறது. வாக்கு இல்லாதவர்களுக்கும் அது திறந்திருக்கிறது. ஈசான்காரருக்கும் அந்நியருக்கும் நகர நிர்வாகத்தில் இப்போதைக்கு இருக்கும் ஒரே வாசல் அதுதான் என்பதால், அதைப் பயன்படுத்தும்படி அந்த வகுப்பிலேயே கற்பிக்கலாம்.

மூன்றாவது, பர்மியத் தொழிலாளிக்கு எஜமானனை மாற்றிக்கொள்ளும் உரிமை. ஐந்து ஆண்டுச் சீட்டைக் கொடுப்பதற்கு 5 லட்சம் பாட் கையிருப்பு ஓர் அளவுகோல் என்றால், ஐந்து ஆண்டு ஒழுங்காக அந்நகரில் உழைத்து வரி செலுத்திச் சமூகக் காப்பீட்டுச் சந்தா கட்டியதும் அதே அளவுக்குச் செல்லுபடியாகும் அளவுகோலாக வேண்டும். மாடியிலிருப்பவர்கள் இதற்காகக் குரல் கொடுக்க முடியும். அவர்களுக்கு இணையத்தில் எழுதத் தெரியும், அவர்கள் எழுத்தைச் சர்க்கார் படிக்கிறது, அவர்கள் மனம் கோணக் கூடாது என்று கவலைப்படுகிறது. தங்கள் விசாவின் நிபந்தனைகளைப் பற்றி நாளெல்லாம் விவாதிக்கிறவர்கள், தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தைக் கட்டியவருடைய அநுமதிச் சீட்டின் நிபந்தனைகளையும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவதாக ஒன்று, இது உடனே செய்யக்கூடியது. ஆறு மாதம் முடிந்ததும், அந்த ஐந்தாண்டு விசாக்காரர் இன்னோர் ஆறு மாதம் நீட்டித்துத் தரும்படி சேங் வத்தனாவில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே கேட்கும் காகிதங்களோடு, குடியிருக்கும் வட்டத்தின் அலுவலகத்தில் பாஷை வகுப்புக்கு வந்ததற்கு அத்தாட்சியும், அண்டை வீட்டார் இருவரின் கையொப்பமும் கேட்கலாம்.